தோல் ஷாப்பில் ஒரு தொட்டில் அறை

ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகள் அழுதால் எதை முதலில் தூக்க வேண்டும்?

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் என்னை வேலைக்கு எடுப்பதற்கு முன் மானேஜர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இது. அன்று ஏதோ பதில் சொன்னேன், வேலை கிடைத்தது. சில வருஷங்கள் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, இப்போது என் ஐந்து மாத மகனோடு வீட்டில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவங்களைப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவர்கள் எல்லாம் நரைத்தவர்கள். எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் ஒரு வேலையில் சேர்ந்து, அதைக் கற்றுக்கொண்டு, அதில் ஒருநாள் ஒரு குழந்தையின் உயிருக்காகப் பதறி, கடைசியில் அதை விட்டும் வந்துவிட்டேன். இதையும் அனுபவம் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் ஷாப் என்றால் கடை அல்ல. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதப்படுத்துகிற தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம். ஆண்கள் சுண்ணாம்புக் குழிகளில் தோலை ஊறவைப்பார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டுப் புரட்டுவார்கள். பெண்கள் தோலிலிருந்து எடுத்த ஆட்டு ரோமத்தைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று பிரித்துக் கட்டுவார்கள். சுண்ணாம்பு ஏறிய ரோமம். மாலையில் கையைத் தொட்டால் அரம் மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் அந்தப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை ரோமக் கொட்டகையிலேயே தூணுக்குத் தூண் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வார்கள். பிறகு தொழிற்சாலைகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. பெண்கள் காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வேலை செய்யக்கூடாது, நடுவில் இடைவேளை விட வேண்டும், வாரம் ஒருநாள் விடுமுறை என்று அதில் பல விதிகள். அவற்றில் ஒன்று, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் அவர்களுடைய சின்னக் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொன்னது. எங்கள் ஷாப்பில் பெண்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள். அதனால்தான் அந்த அறை. அதனால்தான் எனக்கு வேலை.

என் தகுதி பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். பிறகு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஒரு வருஷம் உதவிக்கு இருந்தேன். வெந்நீர் போடுவது, துணி அலசுவது, ஜுரம் பார்ப்பது, பால் பாட்டில் கொதிக்கவைப்பது இவ்வளவுதான் அங்கே கற்றது.

மானேஜர் பெயர் கரீம் சாயபு. ஒல்லியான மனிதர். கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கடினமான விஷயம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முதல் நாள் அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ரெண்டு கொழந்த சேந்து அழுதா எத மொதல்ல தூக்குவீங்கம்மா?”

“சின்னதைங்க.”

“ரெண்டும் ஒரே வயசு.”

“அப்போ பக்கத்துல இருக்கறத.”

“போதும்மா. நாளைக்கு வந்துடுங்க” என்றார்.

வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரு சிக்கல் வந்தது. சென்னையில் குழந்தை பார்ப்பவளை ஆயா என்கிறார்கள் என்று அவர் அதையே எழுதப் போனார். ரோமக் கொட்டகைப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. “இத்தினூண்டு ஆயாவா? இந்தாம்மா ஆயா, ஒனக்குப் பேரன் பேத்தி எத்தினி?” என்று ஒருத்தி கேட்டாள். நான் வாசலில் ஒட்டியிருந்த வேலை நேர அறிவிப்பை அவர்களுக்குப் படித்துக் காட்டியதால் கடைசியில் டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த அறிவிப்பில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்று படித்தபோது ஒரு பெண் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “இங்க ஒட்டிட்டாங்க, சரி. எங்கூட்டுல யாரு டீச்சரம்மா இத வந்து ஒட்டுவாங்க?”

அறை முன்பு ஆவாரம்பட்டை மூட்டை அடுக்கிய கிடங்காக இருந்தது. வெள்ளையடித்தும் பட்டை வாசம் போகவில்லை. ரோமக் கொட்டகையைப் பார்த்தபடி கம்பி போட்ட ஒரு பெரிய ஜன்னல். உத்தரத்தில் கயிறு கட்டித் தூளிகள். தவழ்கிற குழந்தைகளுக்குப் பாய். நான் ஒருத்திதான் ஆள். அதனால் எனக்கு மானேஜர் போட்ட முதல் கட்டளை, என்ன ஆனாலும் அறையைக் குழந்தைகளோடு விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்பது. இரண்டாவது கட்டளை, வேலை நேரத்தில் எந்தப் பெண்ணையும் பெயர் சொல்லிக் கூவக் கூடாது. ஒருத்தி பெயரைக் கூப்பிட்டால் எல்லோரும் தலை நிமிர்கிறார்கள், வேலை நின்றுபோகிறது என்று பெண்கள் பகுதி மேஸ்திரி மாணிக்கம் புகார் சொல்லியிருந்தார்.

கூப்பிடாமல் எப்படிக் கூப்பிடுவது? அதற்கு ஒரு வழி தானாகவே வந்தது. முதலில் ஒரு தாய் தன் பழைய புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் தூளியில் கட்டிவிட்டுப் போனாள். அம்மா வாசம் இருந்தால் குழந்தை தூங்கும் என்றாள். அது உண்மைதான். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு துண்டு கட்டினார்கள். எந்தக் குழந்தைக்குப் பால் வேண்டுமோ அதன் தூளியிலிருந்து அந்தத் துண்டை அவிழ்த்து நான் ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். தன் புடவை எந்தத் தாய்க்கும் தூரத்திலிருந்தே தெரியும். அவள் சத்தமில்லாமல் எழுந்து வருவாள்.

வந்ததும் நேரே தொட்டிலுக்குப் போக விடமாட்டேன். புளி கரைத்த தண்ணீரில் முழங்கை வரை கழுவ வேண்டும். சுண்ணாம்புக் காரம் அதில்தான் போகும். பிறகு நல்ல தண்ணீர். பிறகு ஈரத்துணியால் மார்பைத் துடைத்து, நான் வெளுத்து வைத்திருக்கிற துணியை மேலே போர்த்திக்கொண்டு பால் கொடுக்க வேண்டும். “பெரிய பேஜாரா கீது டீச்சரம்மா. கோயிலுக்குள்ள பூர்ற மாதிரி” என்பார்கள். ஆனால் அந்த அறைக்கு வந்தபின் குழந்தைகளின் வாயோரப் புண் குறைந்ததை அவர்களே பார்த்தார்கள். நான் கண்டிப்பாக இருந்தது சரிதான் என்று நினைக்கிறேன். அந்தக் கழுவும் நேரமும் அவர்கள் வேலை நேரத்தில்தானே கழிந்தது என்று சில சமயம் தோன்றும். அதற்கு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் தெரியவில்லை.

சட்டத்தில் அறை இருந்தது. பால் கொடுக்க நேரம் இல்லை. மத்தியான இடைவேளை எல்லோருக்கும் பொது. மூன்று மாதக் குழந்தை மத்தியானம் வரை காத்திருக்குமா? அதனால் துண்டு ஆடும். யாருடைய துண்டு அதிகம் ஆடுகிறது என்று மேஸ்திரி மாணிக்கம் பார்க்க ஆரம்பித்தார். சில நாளில் ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரிந்துவிட்டது.

பச்சையம்மாவின் துண்டு அரக்கு நிறம், பச்சைக் கரை. அவள் புருஷன் கோலாருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, செய்தியும் இல்லை. மகள் செல்விக்கு அப்போது நான்கு மாதம். பசி தாங்காத குழந்தை. காலையில் இரண்டு முறையாவது அந்தத் துண்டை மாட்டுவேன். ஒருநாள் அவள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“இன்னாமா பச்ச, ரோமம் பிரிக்க வந்தியா, ஊஞ்சல் ஆட வந்தியா? இன்னொரு தபா ஒந் துணி ஆடுச்சுன்னா நாளைக்கு நீ வராத. வெளிய எத்தினி பேரு நிக்கறாங்க தெரியும் இல்ல?”

அவர் போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எந் துணிய மட்டும் மாட்டாதீங்க டீச்சரம்மா. அழுதா அழுவட்டும். மத்தியானத்துக்கு நானா வர்றேன்.”

“பசியில அழுமே, பச்சையம்மா?”

“அழுவாது. நான் பாத்துக்கறேன்.”

சொன்ன மாதிரியே இரண்டு நாளில் செல்வி அழுவதை நிறுத்திவிட்டது. காலையில் தூங்கிக்கொண்டே வரும். மத்தியானம் தாய் வந்து உசுப்பினால் கண் திறக்கும். சில குழந்தைகள் நான்கு மாதத்துக்கு மேல் அடங்கும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் என்று எண்ணினேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. தொழிற்சாலைச் சட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க சென்னையிலிருந்து வருகிற அதிகாரி. ஷாப்பெல்லாம் வெள்ளையடிப்பு. குழிகளைச் சுற்றிப் புதுக் கயிறு. நான் விடிந்ததும் போய்ப் பாய்களை வெயிலில் போட்டு எடுத்தேன். மானேஜர் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தன் ஷாப்பிலேயே அவர் கதவைத் தட்டி வருகிற அறை அது ஒன்றுதான். சுற்றிப் பார்த்து, “மாஷா அல்லா, நல்லா வெச்சிருக்கீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் மானேஜரோடு முதலில் சுண்ணாம்புக் குழிப் பக்கம் போயிருந்தார். என் அறையில் இரண்டு குழந்தைகள் சேர்ந்து அழுதுகொண்டிருந்தன. நான் பக்கத்தில் இருந்ததைத் தூக்கி, மற்றதைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தேன். செல்வி அமைதியாக இருந்தது. நல்ல வேளை, இதாவது தூங்குகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார்: பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவள் என்று. அந்தப் புத்தி அன்று உதவியது. அழுகிற இரண்டையும் அடக்கிவிட்டு, சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று செல்வியின் தூளியை விலக்கினேன். மூச்சு வந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், கால் அசையவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வார்டில் அப்படி ஒரு குழந்தையை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அபின்.

வேலைக்குப் போகிற தாய்மார்கள் சிலர் குழந்தை தூங்குவதற்குத் துளி அபின் தடவுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் அறையில் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் தவழ்கிற குழந்தைகள் இருக்கிற அறையை விட்டுப் போக முடியாது. வாசலுக்கு நாலடியில் சாக்கடை. கூவினால் சுண்ணாம்புக் குழிப் பக்கம் வரை கேட்காது. கொட்டகையில் ரோமம் தட்டுகிற சத்தம் வேறு. அரக்குத் துண்டை அவிழ்த்து ஜன்னலுக்குப் போனேன். கம்பியருகே போனதும்தான் மேஸ்திரி கொட்டகை வாசலில் இந்தப் பக்கம் பார்த்தபடி நிற்பது தெரிந்தது. இந்தத் துண்டு ஆடினால் அவளுக்கு நாளை வேலை இல்லை. ஆடினாலும் அவள் வருவாளா என்பதும் நிச்சயமில்லை. பார்க்கக் கூடாது என்று அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

அப்போது நான் யோசித்துத்தான் செய்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தூளி தூளியாகப் போய் எல்லாத் துண்டுகளையும் உருவி, எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியில் மாட்டினேன். மஞ்சள், நீலம், கட்டம், அரக்கு, எல்லாம். அதற்கு முன் ஒரு நாளும் அந்த ஜன்னல் அப்படி நிறைந்ததில்லை.

கொட்டகையில் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பாலூட்டும் தாய்மார்கள் முதலில் ஓடி வர, என்னமோ ஏதோ என்று மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். முழங்கை வரை சுண்ணாம்பு. அன்று நான் யாரையும் கை கழுவச் சொல்லவில்லை.

“இன்னாச்சி டீச்சரம்மா? எம் புள்ளக்கி இன்னாச்சி?” என்று அறை முழுக்கக் குரல். ஒவ்வொருத்தியும் தன் குழந்தையை வாரி எடுத்தாள். கடைசியில் பச்சையம்மா வந்தாள். என் தோளில் செல்வியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எவ்வளவு குடுத்தே?”

“கொஞ்சூண்டுதான் டீச்சரம்மா. கடுகத்தினி. எப்பவும் குடுக்கறதுதான். இன்னிக்கி இன்ஸ்பெட்டரு வர்றாருன்னு… அழுதுடப் போவுதுன்னு… இன்னும் துளி…”

“அழாத. இத நிமித்தி வெச்சுக்கிட்டு நட. தூங்க விடாத. காலச் சுண்டு, காதத் திருகு, பேரச் சொல்லிக் கூப்பிடு.”

“செல்வி, ஏய் செல்வி” என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். கூட இருந்தவர்களும் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றிருந்த இடத்தில் அவ்வளவு பேரும் அந்த ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேஸ்திரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். “இன்னா கூத்து இது? இன்ஸ்பெக்டர் வந்துகீற நேரத்துல? யாரு துணி ஆடுச்சு?”

“எல்லார் துணியும்” என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அதற்குள் இன்ஸ்பெக்டரும் மானேஜரும் வந்துவிட்டார்கள். தீப் பிடித்துவிட்டதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மானேஜர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தார்; வெளியே திரும்பி, “என் வண்டிய கட்டச் சொல்லு, சீக்கிரம்” என்றார். அன்றுதான் அவர் செருப்போடு உள்ளே வந்தார் என்பதைப் பிறகு யோசித்தேன். பச்சையம்மாவும் குழந்தையும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தையை அசைத்துக்கொண்டே போகும்படி வண்டி ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பின் இன்ஸ்பெக்டர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் பச்சையம்மாவை மட்டும் சுட்டிச் சொல்லவும் மனம் வரவில்லை. “அபின்தாங்க ஐயா. கொழந்த அழுதா தாயக் கூப்பிடணும். கூப்பிட்டா வேலை போயிடும்னு பயம். அழாம இருக்கட்டும்னு குடுக்கறாங்க” என்றேன்.

அவர் மானேஜரைப் பார்த்து, “மத்தியான இடைவேளை விடறீங்க இல்ல?” என்றார்.

“விடறோம் சார். பலகையில ஒட்டியிருக்கு.”

“பால் குடுக்கன்னு சட்டத்துல தனியா நேரம் சொல்லல” என்று அவர் மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பிறகு டேப்பை எடுத்து ஜன்னலின் நீள அகலத்தை அளந்தார். துண்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு அளந்தார். அறை விதிப்படி சரியாக இருக்கிறது என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அறை விதிப்படி சரியாகத்தான் இருந்தது.

செல்வி சாயங்காலம் கண் விழித்துப் பால் குடித்ததாகச் செய்தி வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் துண்டுகளைக் கம்பியிலிருந்து எடுத்து அந்தந்தத் தூளியில் கட்டினேன்.

மறுநாள் மானேஜர் வந்தார். கதவைத் தட்டினார். செருப்பைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன்.

“நேத்து நீங்க எல்லாத் துணியும் மாட்டினீங்க இல்ல?”

“ஆமாங்க.”

“இனிமே தெனம் அப்படியே மாட்டுங்க. காலைல ஒரு தபா, மத்தியானத்துக்கு அப்புறம் ஒரு தபா. எல்லாம் சேந்து வரட்டும், சேந்து போகட்டும். யாரு துணின்னு யாரும் பாக்க வேணாம்.”

கூட வந்திருந்த மேஸ்திரிக்குத் தாங்கவில்லை. “சட்டத்துல அப்டி இல்லீங்களே சாயபு? இன்ஸ்பெக்டரே சொல்லிட்டுப் போனாரே?”

“குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா மாணிக்கம்?” என்றார். “பச்சையம்மா எப்ப வருது? வந்தா அது எடத்துலயே ஒக்காரட்டும்.”

அதற்குப் பிறகு அந்த அறையில் அபின் வாசமே இல்லை. காலையில் குழந்தையை வாங்கும்போதே இமையைத் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நான் ஏதாவது சொல்லிக் கொடுக்க முடியுமென்றால் அது இதுதான்: அழுகிற இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்று தெரிகிறது; முதலில் போய்ப் பார்க்க வேண்டியது சத்தம் போடாததை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பாலூட்டப் போன நேரத்துக்கு ஈடாகக் கொட்டகை முழுவதும் மாலையில் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டியிருந்தது. குழந்தை இல்லாத பெண்கள் முணுமுணுத்தார்கள். “இவ பெத்ததுக்கு நான் ஒக்காரணுமா?” என்று ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதலாளிக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் இடத்தில் கைக்குழந்தைக்காரிகளை எடுப்பது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் குறைந்து, ஐம்பதோடு நின்றார்கள். ஐம்பதுக்கு மேல் போனால்தான் அறை வேண்டும். இதைச் சொல்ல வந்த நாளில்தான் மானேஜர் மிக அதிக நேரம் கண்ணாடி துடைத்தார்.

“சட்டம் அப்படித்தாம்மா எழுதியிருக்கு. நான் எழுதல” என்றார்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். எப்படியும் நிற்க வேண்டியவள்தான். பிரசவ காலத்துக்கு உதவி தரச் சொல்லும் சட்டம் எனக்குப் பொருந்துமா, குழந்தை பார்ப்பவள் தொழிலாளி ஆவாளா என்று அவருக்கே சந்தேகம். இரண்டு நாள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க வேலை செய்யலன்னு யாரு சொல்ல முடியும்?” என்று சொல்லி எனக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். அறையைப் பூட்டும்போது தூளிக் கயிறுகளை அவிழ்க்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

போன வாரம் பச்சையம்மா என் வீட்டுக்கு வந்தாள். செல்வி இப்போது ஓரிடத்தில் நிற்பதில்லை. வந்ததும் என் அடுக்களையில் புகுந்து வெங்காயத்தை உருட்டிவிட்டது. ஷாப்பில் புதிதாக நிறைய வேலை வந்திருக்கிறதாம். பெண்களை எடுக்கிறார்களாம். ஐம்பதைத் தாண்டிவிட்டது, அறையைத் திறக்க வேண்டும்.

“சாயபு ஒங்களத்தான் கேக்கறாரு டீச்சரம்மா. ஒங்க கொழந்தையும் கூட்டினு வரலாமாம். தொட்டிலு சும்மாத்தான் தொங்குதுன்னாரு.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே வீட்டில் உட்கார்ந்து பையன் மூச்சுவிடுகிறானா என்று எழுந்து எழுந்து பார்ப்பதைவிட அங்கே போய் நாலு பேருக்கு உதவியாக இருக்கலாம். என் வீட்டுக்காரரும், உன் இஷ்டம் என்றுதான் சொல்கிறார். ஆனால் பச்சையம்மா போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் ஒண்ணு கீது. பொம்பளைங்க எல்லாம் கேட்டுனு வரச் சொன்னாங்க. கோச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“ஒங்க புள்ளையும் எங்க புள்ளையும் சேந்து அழுதா, எத மொதல்ல தூக்குவீங்கோ?”

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருப்பதை என்று சொல்ல முடியவில்லை. என் பிள்ளை எங்கே இருந்தாலும் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அழாததைப் பார்ப்பேன் என்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் கேட்டது அது இல்லை.

“நீங்க எங்களதத் தூக்குவேன்னு சொன்னா நாங்க நம்ப மாட்டோம்” என்றாள் பச்சையம்மா, சிரித்துக்கொண்டே. “ஒங்களதத் தூக்குவேன்னு சொன்னா நாங்க வுட மாட்டோம். அதான் பேஜாரு.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பொம்பளைங்க புள்ளய வுடலன்னா ரூமு காலியாத்தான் கெடக்கும் டீச்சரம்மா. மறுபடி கைக்கொழந்தக்காரிய எடுக்க மாட்டாங்க” என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். தை பிறந்ததும் அறையைத் திறக்கிறார்கள். அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

வேறொருத்தியையும் கூட வைக்கலாமே என்று மானேஜருக்குச் சொல்லியனுப்பினேன். சட்டம் ஓர் அறை என்கிறது, ஆள் கணக்கு சொல்லவில்லை, முதலாளியிடம் கேட்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது. என் பையனை வீட்டில் யாரிடமாவது விட்டுப் போகலாமா என்றால், மற்றவர்கள் குழந்தையை அந்த அறையை நம்பி விடச் சொல்லிவிட்டு என் குழந்தையை மட்டும் வீட்டில் வைப்பது எப்படி? கூட்டிப்போனால், அவன் அழும்போது மற்றதைத் தூக்க என்னால் முடியுமா? முடிந்தால் அவனுக்கு நான் என்ன தாய்? முடியாவிட்டால் அவர்களுக்கு நான் என்ன டீச்சரம்மா?

இதைப் படிக்கிறவர்களில் தாதிகள் இருப்பீர்கள். தங்கள் வகுப்பிலேயே தங்கள் பிள்ளைக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைகள் இருப்பீர்கள். தங்கை பிள்ளையையும் தன் பிள்ளையையும் ஒரே வீட்டில் வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து அழுதபோது நீங்கள் எதைத் தூக்கினீர்கள்? எதைத் தூக்க வேண்டும் என்று எழுதாதீர்கள், அது எனக்கும் தெரியும். நிஜமாக எதைத் தூக்கினீர்கள், அதற்குப் பிறகு அந்த மற்றொரு தாயின் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

என் பழைய புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். நீல நிறம், வெள்ளைக் கரை. அதை வீட்டுத் தூளியில் கட்டுவதா, அந்த அறைத் தூளியில் கட்டுவதா என்று தெரியாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.